வலசைப் பறவையும் வனமும்: வீடும் பள்ளியும் சேர்ந்து கற்பிக்க வேண்டிய பாடம்

(திருநெல்வேலியில் உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காடுகளைக் காப்பது பற்றியும், வலசை வரும் பறவைகளைப் பற்றியும் பள்ளிக் குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தார்க்கும் எவ்விதம் கற்பிப்பது என்னும் விஷயத்தைக் குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இதைப் பேசுவதற்குத் திருநெல்வேலியைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. மேற்கே, 1988-ஆம் வருஷம் புலிகள் காப்பகமாக அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை வனம், பொதிகை மலைச்சாரலில் ஏறக்குறைய 895 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. தெற்கே, நாங்குநேரித் தாலுகாவில், இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்து வரும் பறவைகள் இறங்கித் தங்கும் கூந்தன்குளம் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் காடு ஒரு பாடமாகவும் பறவை வேறொரு பாடமாகவும் தனித்தனியே நிற்கின்றன. பரீட்சைக்கு ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றை விட்டுவிடவும் கூடும். ஆனால் இயற்கையில் அவை ஒரே பாடம் என்பதையும், அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் மாத்திரமோ வீடு மாத்திரமோ தனித்து நின்று கற்பித்துவிட முடியாது என்பதையுமே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் கூந்தன்குளத்தைப் பார்ப்போம். 1994-ஆம் வருஷத்தில்தான் சர்க்கார் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2022-ஆம் வருஷத்தில்தான் அது ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவ்வூர் ஜனங்கள் பறவைகளைப் பேணத் தொடங்கியது அந்த அறிவிப்புகளுக்கு எவ்வளவோ காலத்துக்கு முந்தியது. அங்கே கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள், வீடுகளின் கொல்லைப்புறத்து வேம்பிலும் புளியிலும்கூடக் கூடு கட்டுகின்றன. கீழே மாடு கட்டியிருக்கும், துணி காயும், குழந்தைகள் விளையாடும், மேலே குஞ்சுகள் இரைக்காகக் கத்திக்கொண்டிருக்கும். எச்சமும் மீன் நாற்றமும் வாசலுக்கு வருவதை அந்த வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். பறவைகள் வந்தால் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளிக்கு வேட்டுப் போடாமல் இருப்பது அவர்கள் வழக்கம். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, சிறகு முற்றிய பிறகு விட்டுவிடுவதும் அவ்வூரில் நெடுநாளாக நடந்து வரும் காரியம். கோடையில் குளம் வற்றியதும், எச்சம் ஊறிய வண்டலை வெட்டி வயலுக்கு உரமாகக் கொண்டுபோகிறார்கள். பறவைக்குச் செய்த உபகாரம் நெல்லாகத் திரும்பி வருவதை அவ்வூர்க் குழந்தை ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டு வளர்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. நல்ல நோக்கமுள்ளவர்களே அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதால் அது வேரூன்றிவிட்டது. நம் ஏரிகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகளெல்லாம் ஸைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரசவத்துக்காக இங்கே வருகின்றன என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதுவன்று. நம் கண் முன்னே கூடு கட்டும் கூழைக்கடாவும், மஞ்சள் மூக்கு நாரையும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள் மூக்கனும், கரண்டிவாயனும் இந்நாட்டுப் பறவைகளே. மழையையும் மீனையும் அனுசரித்து ஓர் ஏரியை விட்டு மற்றோர் ஏரிக்கு இடம் மாறுகின்றவையே. மெய்யாகவே வட தேசங்களிலிருந்து வருகின்ற நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள், பட்டைத்தலை வாத்து முதலியவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. அவை குஞ்சு பொரிப்பது வடக்கின் கோடைகாலத்தில். அப்போது அங்கே பகல் மிக நீண்டிருக்கும், பூச்சியும் புல்லும் மிகுந்திருக்கும். குளிர்காலத்தில் நீர் உறைந்து இரை மறைந்துவிடுவதால், ஐப்பசி கார்த்திகையில் தெற்கே இறங்கி, பங்குனி சித்திரையில் திரும்பிவிடுகின்றன. குழந்தைக்கு நாம் கொடுக்கும் அறிவு அழகாக இருப்பதோடு உண்மையாகவும் இருக்க வேண்டும். பொய்யான ஆச்சரியத்தின் மேல் கட்டிய அன்பு, பொய் வெளிப்பட்ட அன்றே தளர்ந்துவிடும். மெய்யான ஆச்சரியத்துக்கோ குறைவே இல்லை.

பட்டைத்தலை வாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கருநிறப் பட்டைகளை உடைய இந்தப் பறவை, மங்கோலியாவிலும் திபெத்திய பீடபூமியிலும் உள்ள ஏரிக்கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் தொடங்கியதும் இமயமலைத் தொடரைக் கடந்து பாரத தேசத்துக்குள் இறங்குகிறது. காற்றில் பிராணவாயு மிகக் குறைந்துபோகும் அந்த உயரத்திலும் சிறகடித்துப் பறப்பதற்கு ஏற்றபடி, அதன் இரத்தம் பிராணவாயுவை மற்ற வாத்துகளின் இரத்தத்தைக் காட்டிலும் திறமையாகப் பற்றிக்கொள்ளும் தன்மை வாய்ந்திருக்கிறது. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இது பறந்ததை ஆராய்ச்சியாளர்கள் கருவி கொண்டு அளந்திருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி அனுப்பப்பட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டதும் உண்டு. அப்படிப்பட்ட பறவையின் கூட்டங்கள் நம் கூந்தன்குளத்துக்கும் வருகின்றன.

அவ்விதம் வந்த பறவை இங்கே இறங்கி நிற்கும் நீர் எங்கிருந்து வந்தது? வடகிழக்குப் பருவமழையோடு மணிமுத்தாற்று அணையின் கால்வாய் நீரும் சேர்ந்தே அந்தக் குளத்தை நிரப்புகிறது. மணிமுத்தாறு எங்கே பிறக்கிறது? களக்காடு முண்டந்துறை வனத்தின் சோலைகளுக்குள். அங்கே பெய்யும் மழை பாறையில் விழுந்து ஓடிவிடுவதில்லை. முதலில் இலைகளில் தங்கி, பின்பு உதிர்ந்து மக்கிய சருகில் ஊறி, வேர்களைச் சுற்றிய மண்ணில் இறங்கி, மழை ஓய்ந்து பல நாட்களான பிறகும் சிறிது சிறிதாகக் கசிந்து ஓடையாகிறது. மரம் போனால் சருகு போகும்; சருகு போனால் மழை நீர் ஒரே நாளில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும்; அணையில் வண்டல் ஏறும்; குளம் வெறுந்தரையாகக் கிடக்கும். ஆதலால் பொதிகையில் ஒரு சோலை அழிவதற்கும், மங்கோலியாவில் புறப்பட்ட ஒரு வாத்து நாங்குநேரியில் இறங்க இடமின்றித் தவிப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. இந்தச் சம்பந்தத்தைக் குழந்தை ஒரு முறை கண்டுகொண்டால், காட்டைப் பற்றிய பாடமும் பறவையைப் பற்றிய பாடமும் அதன் மனத்தில் பிறகு ஒருபோதும் பிரியமாட்டா.

இனி, இந்தப் பறவைகளைக் காப்பதற்கு உரியவர் யார் என்பதைச் சிந்திப்போம். நெடுவழி நடக்கும் பிரயாணி வழியிலுள்ள சத்திரங்களை நம்பியே புறப்படுகிறான். பத்துச் சத்திரங்கள் திறந்திருந்து ஒன்று அடைபட்டிருந்தாலும், அந்த ஓரிடத்திலே அவன் பிரயாணம் முடிந்துபோகலாம். பறவையின் நிலையும் அதுவே. ஒரு தேசம் காத்து மற்றொரு தேசம் அழித்தால் காத்ததெல்லாம் வீண். இதை உணர்ந்தே 1971-இல் நீர்நிலைகளுக்காக ராம்சர் நகரத்து உடன்படிக்கையும், 1979-இல் வலசை போகும் உயிர்களுக்காகப் பான் நகரத்து உடன்படிக்கையும் ஏற்பட்டன. நம் நாட்டிலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் அவசியமானவை. ஆயினும், வலை விரிக்கிறவன் கையைச் சட்டம் எப்போதாவதுதான் எட்டிப் பிடிக்கிறது. அவன் மனைவியும் மக்களும் அண்டை வீட்டாருமோ தினந்தோறும் அவனோடு இருக்கிறார்கள். அவர்கள் முகம் சுளித்தால் வலை விரிவதில்லை. பறவையின் வழியெங்கும் இருக்கும் குடும்பங்களே அதன் மெய்க்காவலர்கள் என்று நான் சொல்லுவது இதனால்தான். வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஜனங்களிடையே நிகழ்ந்த இரண்டு வரலாறுகள் இதற்குச் சாட்சி.

ஒன்று, செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள வேடந்தாங்கல். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதைப் பொறுக்கமாட்டாத குடியானவர்கள், அப்போது கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமையை அங்கீகரிக்கும் கவுல் என்னும் சாசனம் ஒன்றைப் பெற்றார்கள். 1798-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அந்த உரிமையை 1858-இல் மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல்தான். ஏரியிலுள்ள கடம்ப மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் விழுந்த நீர், பயிருக்குச் சத்து மிகுந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரசாயன சாஸ்திரம் பிற்காலத்தில் எடுத்துச் சொன்னதை அவர்கள் கதிரின் கனத்தில் கண்டிருந்தார்கள். தகப்பன் மகனுக்குச் சொல்ல, மகன் பேரனுக்குச் சொல்ல, அரசுகள் மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை. பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் குடும்பமே பள்ளிக்கூடமாக இருந்து கற்பித்த பாடம் அது.

மற்றொன்று, இந்தியாவின் வடகிழக்கு மூலையிலே நாகாலாந்தில், வோக்கா ஜில்லாவைச் சேர்ந்த பாங்தி என்னும் ஊரைப் பற்றியது. கிழக்கு ஸைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரிக்கும் அமூர் வல்லூறு, ஏறக்குறைய 150 கிராமே எடையுள்ள சிறு பறவை. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இது லட்சக்கணக்கில் தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் வந்து அடைகிறது; அங்கே மண்ணிலிருந்து கிளம்பும் ஈசலைத் தின்று கொழுத்து, பாரத தேசத்தைக் குறுக்கே கடந்து, அரபிக் கடலின் மேல் இறங்க இடமில்லாமல் பறந்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போய்ச் சேருகிறது. 2012-ஆம் வருஷத்தில், அவ்வூரார் மரங்களுக்கிடையே மீன் வலைகளைக் கட்டி இப்பறவைகளைப் பிடித்துக் கொன்று விற்கும் செய்தி படங்களோடு வெளிவந்தது. அந்த ஒரு பருவத்தில் மடிந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த வருஷமே, அதாவது 2013-இல், அங்கே ஒரு பறவைகூட வலையில் விழவில்லை என்னும் நிலை ஏற்பட்டது.

இந்த மாறுதல் எவ்விதம் நேர்ந்தது? தண்டனை விதிக்கும் தீர்மானம் இருந்தது, மெய்தான். ஊர்ச் சபையே அதைச் செய்தது. ஆனால் அதனோடு நின்றுவிடவில்லை. பத்திரிகையாளர் பானோ ஹராலு முதலியவர்கள் முன்னின்று, சுற்றுக் கிராமங்களில் குழந்தைகளுக்கென இயற்கைக் கழகங்களை ஏற்படுத்தினார்கள். உள்ளூர் ஆசிரியர்களே அவற்றை நடத்தினார்கள். தேவாலயங்களிலும் போதகர்கள் இதைப் பற்றிப் பேசினார்கள். நேற்றுவரை சந்தைச் சரக்காக மாத்திரம் தெரிந்த பறவை எங்கே பிறக்கிறது, எந்தக் கடலைத் தாண்டுகிறது என்பதைக் குழந்தைகள் கற்று வந்து வீட்டில் சொன்னார்கள். அதே 2013 நவம்பரில், மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பூட்டி, ‘நாகா’, ‘வோக்கா’, ‘பாங்தி’ என்று பெயரிட்டு விட்டார்கள். தங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பறவை கடல் கடந்து பறக்கும் செய்தி எட்டிய ஊரில், அதைக் கொல்லும் எண்ணம் எப்படி நிலைக்கும்? வலை விரித்தவர்களே பின்பு ஒரு சங்கமாகச் சேர்ந்து அந்தக் காட்டுக்குக் காவல் நின்றார்கள். பறவையால் கிடைத்த வருமானத்தை ஏழைக் குடும்பங்கள் விட்டுக்கொடுத்த தியாகமும் இதில் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

வேடந்தாங்கலில் பெரியோர் சிறுவருக்குக் கற்பித்தார்கள். பாங்தியில் சிறுவர் பெரியோருக்கும் கற்பித்தார்கள். இரண்டு வழியும் நமக்கு வேண்டும். அவற்றை இங்கே நடைமுறையில் எவ்விதம் கொண்டுவருவது என்பது குறித்து என் அபிப்பிராயங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, குழந்தையை ஒரு கூட்டின் முன்னால் பொறுமையாக உட்கார வையுங்கள். நூறு பறவைகளின் பெயரை ஒரே நாளில் ஒப்புவிக்கச் செய்வதைவிட, ஒரு கூட்டை ஒரு மணி நேரம் பார்க்கச் செய்வது மேலானது. பங்குனி மாதத்து நண்பகலில் மஞ்சள் மூக்கு நாரையின் கூட்டைத் தூரத்திலிருந்து பாருங்கள். தாயோ தந்தையோ, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அந்தப் பக்கத்தில் நின்று, சிறகுகளைப் பாதி விரித்துக் குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டிருக்கும். சூரியன் நகர நகர அதுவும் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். மற்றொரு பறவை நீர்நிலையிலிருந்து திரும்பி வந்து, தான் கொண்டுவந்த தண்ணீரைத் தன் அலகு வழியாகக் குஞ்சுகளுக்கு ஊற்றும். இதைத் தன் கண்ணால் கண்ட குழந்தைக்கு, கூட்டின் அருகே போகக் கூடாது, கல்லெறியக் கூடாது என்று தனியே உபதேசம் செய்ய வேண்டியதில்லை. நாம் நெருங்கிப் போனால் பயந்து எழும்பும் பறவை நிழலையும் தன்னோடு கொண்டுபோய்விடும், குஞ்சு வெயிலில் வாடும் என்பதை அதுவே ஊகித்துக்கொள்ளும்.

இரண்டாவது, குளத்தைக் காட்டியபின் காட்டின் தரையைக் காட்டுங்கள். புலியையும் யானையையும் காண்பதே வனத்துக்குப் போவதன் பிரயோஜனம் என்று எண்ணிப் போகும் குடும்பங்கள், அவை கண்ணில் படாவிட்டால் ஏமாந்து திரும்புகின்றன. காலடியிலுள்ள சருகை ஒரு பிடி எடுத்துக் குழந்தையின் கையில் கொடுங்கள். மேலே முழு இலை, அதன் கீழே நரம்பு மாத்திரம் எஞ்சிய இலை, அதற்கும் கீழே ஈரமான கரிய மண் என்று இலை மண்ணாகும் வழி முழுவதும் அந்தப் பிடியில் இருக்கும். இமயமலையடியிலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் புரட்டாசி ஐப்பசியில் நம்மிடம் வந்து சேரும் ஆறுமணிக் குருவி, இந்தச் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்றே குளிர்காலத்தைக் கழிக்கிறது. இரவில் பறந்து களைத்துப்போய் நகரத்து வீடுகளின் முற்றத்தில் அது விழுந்து கிடப்பதும் உண்டு. அவ்விதம் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால், காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் அமைதியான இருட்டில் இளைப்பாற விட்டு, பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு, தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். காயம் கண்டிருந்தால் வனத்துறையாரிடம் சேர்ப்பியுங்கள். அந்தக் காரியத்தைக் குழந்தையின் கையாலேயே செய்வியுங்கள்.

மூன்றாவது, குழந்தையை எண்ணப் பழக்குங்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி 2011 முதல் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் முன்னின்று நடத்தும் அப்பணியில் மாணவர்களும் தொண்டர்களாகச் சேருகிறார்கள். 2015 முதல், பொங்கலை ஒட்டிய நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ வயல் வரப்பிலோ கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிக் குறித்தால் அதுவே போதும். உறவினர் கூடியிருக்கும் அந்தப் பண்டிகை நாட்களில், பாட்டனார் தமக்குத் தெரிந்த பெயரைச் சொல்ல, பேத்தி எண்ணிக்கையைச் சொல்ல, தாயார் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பெயர் தெரியாத பறவை வந்தால் உபாத்தியாயர் வெட்கப்பட வேண்டியதில்லை; புத்தகத்தைத் திறந்து மாணவனோடு சேர்ந்து தேடுவதே உயர்ந்த போதனை.

நான்காவதாக, குடும்பங்கள் தாங்களே மேற்கொள்ள வேண்டிய நியமங்கள் சில உண்டு. கூடுகள் உள்ள ஏரிக்கு அருகில் வேட்டு வெடிப்பதை விடுங்கள். கூந்தன்குளத்தில் மாத்திரமன்றி, சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளியை வேட்டின்றிக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் பண்டிகையில் சந்தோஷம் குறைந்துவிடவில்லை. பறவைகளின் சிறகை அறுக்கும் மாஞ்சாக் கயிற்றைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். வனத்துக்குப் போனால் பிளாஸ்டிக் காகிதத்தைப் போட்டுவிட்டு வராதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். சரணாலயத்தில் கூச்சலிட்டுப் பறவைக் கூட்டத்தை எழுப்பிப் படம் பிடிப்பதைக் குழந்தைகள் பார்க்கச் செய்யாதீர்கள். நாம் வாயால் சொல்லுவதைவிட நம் கையால் செய்வதையே குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

சிலர் கேட்கலாம்: குழந்தைகள் பறவைகளை எண்ணுவதால் காடும் குளமும் காப்பாற்றப்பட்டுவிடுமா என்று. என் பதில் இது. ஒரு குளம் தூர்ந்துபோகும்போதும், அதன் கரை ஆக்கிரமிக்கப்படும்போதும், மலைச்சாரலில் மரம் விழும்போதும், அதைத் தடுப்பார் இல்லாமற் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அங்கே முன்பு என்ன இருந்தது என்பதை அறிந்தவர் இல்லாமைதான். வருஷந்தோறும் ஒரே குளத்துக்குப் போய், பத்து வருஷங்களின் கணக்கைத் தன் கையெழுத்திலே வைத்திருக்கும் ஒரு பெண்ணோ பையனோ வளர்ந்து, கிராம சபையில் எழுந்து, “இத்தனை வாத்துகள் வந்த குளத்தில் இந்த வருஷம் ஏன் ஒன்றும் இறங்கவில்லை?” என்று கேட்டால், அந்தக் கேள்வியை எந்த அதிகாரியும் எந்தக் குத்தகைதாரரும் எளிதில் தள்ளிவிட முடியாது. அது பிறர் சொல்லிக் கேட்ட கேள்வி அன்று. எண்ணிக் கண்டவர் கேட்கும் கேள்வி.

ஆகையால், இச்சபையிலுள்ள ஒவ்வொரு பள்ளியும் தனக்கு அருகிலுள்ள ஒரு குளத்தையும், அந்தக் குளத்துக்கு நீர் வரும் வழியையும், அந்த நீர் பிறக்கும் காட்டையும் தன் பாடமாக இவ்வருஷமே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஒவ்வொரு குடும்பமும் வருகிற பொங்கலன்று கால் மணி நேரத்தை அதற்கென ஒதுக்கித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் கற்ற குழந்தைகள் நாளைக்கு எழுப்பப்போகும் கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடிய நிலையில் நம் காடுகளையும் குளங்களையும் வைத்திருப்பது நம் தலைமுறையின் கடமை. அந்தக் கடமையை ஏற்க நீங்கள் முன்வருவீர்கள் என்னும் திடமான நம்பிக்கை எனக்கு இருக்கிறது.